சிரிச்சாக் கோவம் போயிருமா?

ஒரு புத்தகத்தைத் தனியா உக்காந்து படிக்கிறது ஒண்ணு. பத்துப் பேரு வட்டமா உக்காந்து, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சத்தமாப் படிக்கிறது இன்னொண்ணு. சேர்ந்து படிக்கையில, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, எந்த இடத்தில் யார் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் யார் தலையைக் குனிந்து கொள்கிறார்கள் என்பதும் தெரிய வருகிறது. ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் நாலு மாசம் படித்தோம். அந்த நாலு மாசத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நாவலுக்கு விமர்சனம் எழுதுவது என் நோக்கமில்லை. அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், செய்தும் இருக்கிறார்கள். அந்த நாவல் எங்கள் மத்தியில் என்ன வேலை செய்தது என்பதை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் வட்டம் என்றால் பெரிய அமைப்பு கிடையாது. தெக்கத்திச் சீமையில் ஒரு சின்ன டவுன். அங்கே எங்க தெருவில் தகரக் கொட்டகை போட்ட அம்பேத்கர் படிப்பகம் ஒன்று இருக்கிறது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பன்னெண்டு பதிமூணு பேர் கூடுவோம். பாதிப் பேர் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள். பி.எட். முடித்துவிட்டு குரூப் 4 பரீட்சைக்குத் தயார் பண்ணிக்கிட்டிருக்கிற ஒரு தங்கச்சி வரும். கட்டட வேலைக்குப் போகிற ஒரு அண்ணன், தொண்ணூறுகளிலிருந்து இயக்கத்தில் இருப்பவர், கூட்டம் தவறாமல் வருவார். நகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்காவும் வருவாங்க. அவங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனா கேட்டது ஒண்ணையும் மறக்க மாட்டாங்க. போன வாரம் எந்த இடத்தில் விட்டோம்னு எங்களுக்கு எடுத்துக் கொடுக்கிறதே அவங்கதான்.

இந்த நாவலுக்கு நாங்கள் வந்து சேர்ந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. அதுக்கு முந்தி ஒரு வருசமா நாங்கள் படித்தது எல்லாம் அறிக்கைகளும் ஆவணங்களும். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி, குடிசைக்குள்ள 44 உயிர். 1997 ஜூன் 30 மேலவளவு. 1999 ஜூலை 23 தாமிரபரணி, ஆத்துக்குள்ள 17 உயிர். இதெல்லாம் எங்க பிள்ளைகளுக்குத் தெரிஞ்சாகணும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விடுதிப் பிள்ளைகளின் வரத்து கொறைஞ்சுக்கிட்டே போச்சு. ஒரு நாள் பதினெட்டு வயசுத் தம்பி ஒருத்தன், “அக்கா, இங்க வந்தா வாராவாரம் யாராச்சும் சாகுறாங்க. சாகாத ஆளப் பத்தி நம்மகிட்ட ஒரு பொஸ்தகமும் இல்லையா?”ன்னு கேட்டான். கேலியாத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடலை. நம்ம தெருவில் பிறந்து, அடி வாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போய், மீசை முளைச்சு, வேலை தேடி அலைஞ்சு, சாகாமல் பிழைச்சுக் கிடந்த ஒரு பயலைப் பற்றிய புத்தகம் எதுன்னு யோசிச்சேன். சிலுவைராஜ்தான் நினைவுக்கு வந்தான்.

புதுசாக வரும் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ராஜ் கௌதமன் 1950இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் தலித் இலக்கியம், தலித் பண்பாடு என்ற விவாதம் கொழுந்துவிட்டு எரிந்தபோது முன்வரிசையில் நின்று எழுதியவர். ‘தலித் பண்பாடு’, ‘தலித் பார்வையில் தமிழ்ப் பண்பாடு’, ‘அறம் அதிகாரம்’ என்று அவர் எழுதிய புத்தகங்களைப் படிக்காமல் தமிழில் இந்த விஷயங்களைப் பேச முடியாது. சங்க இலக்கியத்தையும் தொல்காப்பியத்தையும் கீழே இருந்து பார்க்கக் கற்றுக் கொடுத்தவர். அயோத்திதாசரைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியவர். அப்பேர்ப்பட்ட ஆய்வாளர் 2002இல் ஒரு நாவலோடு வந்தார். அதுதான் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. அடுத்தடுத்து ‘காலச்சுமை’, ‘லண்டனில் சிலுவைராஜ்’ என்று அது மூன்று நாவல்களாக வளர்ந்தது. 2024 நவம்பர் 13ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

நாவல் அவருடைய சொந்த வாழ்க்கையை ஒட்டியதுதான். ஆனால் ‘நான்’ என்று அவர் எழுதவில்லை. ‘சிலுவை’ என்று ஒருத்தனை முன்னால் நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று அவனை வேடிக்கை பார்க்கிறார். கத்தோலிக்கப் பறையர் குடும்பத்தில் பிறந்த பையன். பட்டாளத்தில் இருக்கிற அப்பா. அவர் லீவில் ஊருக்கு வருகிறார் என்றாலே பையனுக்குக் குலை நடுக்கம். தெருவில் கூட்டாளிகள், சாமியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடம், விடுதி, பூசை, பாவசங்கீர்த்தனம், சினிமா, புத்தகப் பைத்தியம், காலேஜ், வேலை கிடைக்காத அலைச்சல் என்று ஒரு பயல் ஆம்பளையாகிற கதை. இதில் எங்கேயும் ‘ஐயோ பாவம்’ கிடையாது. அவமானம் நடக்கிறது, பசி இருக்கிறது, அடி விழுகிறது. ஆனால் எழுதுகிறவர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பு முதலில் பாய்வது சிலுவை மேலேயேதான். அவனுடைய பயம், பேராசை, வீராப்பு, பொம்பளைப் பிள்ளைகளைக் கண்டால் வரும் கிறுக்கு, பெரிய அறிவாளி என்கிற நெனப்பு, ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

தலைப்பையே எடுத்துக்குங்க. எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்குச் ‘சரித்திரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் சில பெயர்கள் வரும். தமிழின் முதல் நாவல் என்று பாடத்தில் வருகிற, 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. முதலியாருக்குச் சரித்திரம் இருந்தது, ஐயருக்கு இருந்தது. சேரிப் பயலுக்கு எங்கே இருந்தது? ராஜ் கௌதமன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே மாதவையாவைத்தான். தெரியாமல் வைத்த தலைப்பாக இருக்க வழியில்லை. டவுசர் கிழிஞ்ச ஒரு பொடியனைக் கூட்டிட்டு வந்து அந்தப் பெரிய மனுசர்கள் வரிசையில் உக்கார வைக்கிறார். இதை நான் வட்டத்தில் சொன்னதும், “அப்போ எனக்கும் சரித்திரம் இருக்குக்கா. அரியர்ஸ் சரித்திரம்”னு ஒரு தம்பி எந்திரிச்சான். ஒரே சிரிப்பு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. ஒரு நாவலின் தலைப்பு தனக்கும் பொருந்தும்னு ஒரு விடுதிப் பையனுக்குத் தோணுவது சாதாரண விஷயம் இல்லை.

மூணாவது வாரத்தில் கட்டட வேலை அண்ணன் எதிர்ப்புச் சொன்னார். அவர் மேல எங்க எல்லாருக்கும் மரியாதை உண்டு. போலீஸ் அடி வாங்கினவர். பொய் வழக்குக்கு வருசக்கணக்காக் கோர்ட்டுக்கு நடந்தவர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறதைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார். “தோழர், நான் ஒண்ணு கேக்குறேன். நம்மள அடிச்சதச் சிரிச்சிக்கிட்டே சொன்னா, அடிச்சவனுக்கு அது வசதியாப் போயிராதா? சிரிச்சாக் கோவம் போயிருமே. கோவம் போச்சுன்னா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு? இதே கதைய ஊர்க்காரன் ஒருத்தன் படிச்சான்னு வச்சுக்குங்க. அவனும்தான சிரிப்பான்?”

லேசான கேள்வி இல்லை. நம்மைப் பார்த்துச் சிரிப்பது இந்தச் சமூகத்தின் பழைய பழக்கம். கூத்திலும் சினிமாவிலும் நம்ம பேச்சையும் நம்ம உடம்பையும் வைத்து எத்தனை வருசம் காசு பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் நம்மில் பலருக்குச் சிரிப்பு மேலேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. தலித் எழுத்து என்றால் அதில் கோபம் இருக்கணும், இல்லாவிட்டால் கண்ணீராவது இருக்கணும் என்று நினைக்கிறோம்.

ஆனால் கண்ணீரும் யாருக்கோ வசதியாகத்தான் போயிருக்கிறது. நான் எம்.ஏ. படித்த கல்லூரியில் தலித் இலக்கியம் ஒரு தாளில் ஒரு அலகு. பரீட்சைக்கு வருகிற கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தப் படைப்பில் காணப்படும் தலித் மக்களின் துயரங்களைத் தொகுத்து எழுது. அவலங்களை விளக்குக. பதினைந்து மதிப்பெண். என் கூடப் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகள் எங்கள் துயரத்தைப் பாயிண்டு பாயிண்டாக எழுதி என்னைவிட நல்ல மார்க் வாங்கினார்கள். படிக்கும்போது அவர்களுக்குக் கண்கூட கலங்கியிருக்கலாம். கலங்கிய கண்ணோடு விடுதியில் தனித் தட்டில்தான் சாப்பிட்டார்கள். நாம் அழுதால் அவர்கள் இரக்கப்படுகிறார்கள். இரக்கப்படுகிறவன் எப்பவும் ஒரு படி மேலேதான் நிற்கிறான். சிலுவைராஜைப் படிக்கிறவனுக்கு அந்த மேல் படி கிடைப்பதில்லை. ஏனென்றால் சிலுவை அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரக்கம் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. தன்னையே கேலி பண்ணுகிறவனை மற்றவன் எங்கே இருந்து கேலி பண்ணுவது? அந்த வேலையை அவனே முடித்து வைத்துவிட்டான். அதுக்கப்புறம் அவன் அப்படியே திரும்பி ஊர்ப் பெருமையையும், சாமியார்களின் அதிகாரத்தையும், பேராசிரியர்களின் பந்தாவையும் பார்க்கிறான். ஒருத்தருடைய வேட்டியும் அங்கியும் அப்புறம் இடுப்பில் நிற்பதில்லை.

இதை நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது துப்புரவு அக்காதான் பேசினாங்க. “ஏந்தம்பி, எழவு வீட்டுல சிரிக்காமலா இருக்கோம்? எங்க அத்த செத்தன்னிக்கு மாரடிச்சிக்கிட்டே என் நாத்தனா அத்தையோட கஞ்சத்தனத்தப் பத்திப் பாட்டுக் கட்டுனா. எல்லாரும் அழுதுக்கிட்டே சிரிச்சோம். அதுக்காக அத்த மேல பாசம் இல்லையா?”

அக்கா சொன்னது ஒரு பெரிய உண்மை. நடவு வயலில், தீப்பெட்டி ஆபீசில், செங்கச் சூளையில், எழவு வீட்டில் நம்ம சனம் சிரிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. பண்ணையாருக்கு நாம வைத்த பட்டப்பேர் அவருக்கே தெரியாது. ஆனா நாலு தலைமுறையா வழங்கும். குனிஞ்சு நின்ன வாய்தான், தெருவுக்குத் திரும்பினதும் அவர் நடையை நடித்துக் காட்டியது. இதைக் கலகம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? தலித் பண்பாட்டில் இந்தக் கலகக் குணம் இருப்பதைக் கட்டுரைகளில் எழுதிய அதே ராஜ் கௌதமன்தான் நாவலில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் அவருடைய தங்கை பாமாவையும் சேர்த்துப் பேச வேண்டும். ‘கருக்கு’ 1992இல் வந்தது, ‘சங்கதி’ 1994இல், ‘கிசும்புக்காரன்’ சிறுகதைத் தொகுப்பு 1996இல். அண்ணன் நாவல் எழுதுவதற்குப் பத்து வருசம் முன்னாடியே தங்கை அதே ஊரின் பேச்சில் எழுதிவிட்டார். ‘கருக்கு’ என்றதும் எல்லாரும் வலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ‘கிசும்பு’ என்கிற சொல்லைத் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தவரும் அவர்தான். ஆண்டையிடமே குசும்பு பண்ணுகிற ஆட்கள் அவர் கதைகளில் வருகிறார்கள். கன்னடத்தில் சித்தலிங்கையாவின் தன்வரலாறு இருக்கிறது. பாவண்ணன் மொழிபெயர்ப்பில் ‘ஊரும் சேரியும்’ என்று தமிழில் வந்தது. நுகத்தடியில் மாட்டுக்குப் பதிலாகத் தன் அப்பா பூட்டப்பட்டு உழுவதைச் சின்னப் பையன் பார்க்கிற புத்தகம் அது. அதே புத்தகம்தான் பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கவும் வைக்கிறது. தலித் சங்கர்ஷ சமிதி என்கிற போராட்ட இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர் சித்தலிங்கையா. சிரித்ததால் அவருக்குக் கோபம் போய்விடவில்லை. 2021இல் கொரோனாவில் அவர் சாகும்வரை அவருடைய பாட்டுகள் கர்நாடகத்து ஊர்வலங்களில் பாடப்பட்டன, இப்போதும் பாடுகிறார்கள்.

அடுத்த சண்டையைக் கிளப்பினது குரூப் 4 தங்கச்சி. “எல்லாம் சரிக்கா. சிலுவை ஊரச் சுத்துறான், சினிமாவுக்குப் போறான், உதை வாங்குறான், மறுபடியும் சுத்துறான். நல்லாத்தான் இருக்கு. ஆனா சிலுவைமேரின்னு ஒருத்தி இருந்திருந்தா இப்பிடிச் சுத்தியிருக்க முடியுமா? மொத உதையிலயே கல்யாணம் பண்ணி அனுப்பியிருப்பாங்க.” ஆம்பளப் பயல்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் சொன்னது சரிதான். ஒரு பையன் வளர்கிற கதையில் இருக்கிற அலைச்சல் என்பது ஆம்பளைக்குக் கிடைக்கிற சலுகை. சிலுவையின் சிரிப்பில் பாதி அந்தச் சலுகையிலிருந்து வருவது. அதனால் அந்த வாரத்திலிருந்து நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரு வாரம் சிலுவைராஜ், அடுத்த வாரம் ‘சங்கதி’. அண்ணன் எழுதிய தெருவை ஒரு வாரம் பார்த்தோம். அதே மாதிரித் தெருவில் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நசுங்கி, ஆனாலும் வாயை மூடாத பெண்களை மறு வாரம் பார்த்தோம். ரெண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஊர் முழுசாகத் தெரிகிறது. ‘சங்கதி’யின் பெண்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு வேலை கூட, ஓய்வு கம்மி. இதை எங்க பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

நாவலின் கடைசிப் பகுதிக்கு வந்தபோதுதான் எல்லாச் சிரிப்பும் ஒரு இடத்தில் போய் முட்டியது. படிச்சு முடிச்சு வேலை இல்லாமல் அலைகிற சிலுவை, வேலைக்காக இந்துவாக மதம் மாறுகிற இடம். கிறித்தவனாக இருக்கிற வரைக்கும் அவன் சட்டப்படி ஷெட்யூல்டு சாதி கிடையாது. இந்து என்று காகிதத்தில் ஆனால் உண்டு. பெயரிலேயே சிலுவையைச் சுமக்கிறவன் இந்து ஆகிறான். நாவல் அதையும் கேலியாகத்தான் சொல்கிறது. ஆனால் அன்னைக்குப் படிப்பகத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அங்கே உக்கார்ந்திருந்த நாலு பேருக்கு அது கதை கிடையாது.

இதன் சட்டக் கணக்கைப் புது வாசகர்கள் தெரிஞ்சுக்கணும். 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பேரில் வந்த அரசமைப்பு (ஷெட்யூல்டு சாதிகள்) ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிற யாரும் ஷெட்யூல்டு சாதியாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் தொடுத்த சூசை வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை இருக்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் செத்துப்போன பறையனையும் செத்துப்போன மற்றவனையும் பிரித்துக் கட்டிய சுவரைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. 2022 அக்டோபரில் இந்தக் கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ராஜ் கௌதமன் இறந்த அதே 2024 நவம்பர் மாதம், 26ஆம் தேதி, புதுச்சேரியில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யப்படும் மோசடி என்றது அந்தத் தீர்ப்பு. ஆணை பிறந்த 1950இல்தான் சிலுவையை எழுதியவரும் பிறந்தார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள், சிலுவை செய்த காரியத்துக்கு மோசடி என்று பெயர் வந்தது.

எங்க தங்கச்சியின் கதை அதுதான். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பேர் ஊர் இல்லாமல். அவள் பாட்டி காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். அவளுடைய சித்தப்பா குடும்பம் வரவில்லை. ஒரே தெரு, ஒரே குழாயடி, ஒரே சுடுகாட்டுப் பாதைப் பிரச்சனை. சித்தப்பா மகனுக்கு எஸ்.சி. சான்றிதழ். இவளுக்கு பி.சி. சான்றிதழ். ஊர்க்காரன் வைகிறபோது ரெண்டு பேரையும் ஒரே வார்த்தையில்தான் வைகிறான். அவளுடைய அப்பா சில வருசமா, “பேசாம மாறிருவோம்மா. சாமி கோவிச்சுக்க மாட்டாரு”ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். தீர்ப்பு வந்தபிறகு அவரும் வாயை மூடிக்கிட்டார்.

அந்த அமைதியில் அவள்தான் முதலில் பேசினாள். “சர்ச்சுக்குள்ள நான் எஸ்.சி. தாலுகா ஆபீசுல நான் பி.சி. டீக்கடையில நான் யாருன்னு கேக்கவே வேணாம், தம்ளரப் பாத்தாத் தெரியும். ஒரே ஆளு மூணு வேசம் போடுறேன். நான் செய்றது மோசடியா, என்னை வச்சுச் செய்றது மோசடியா?”

முதல் ஆளாகச் சிரித்தது கட்டட வேலை அண்ணன். சத்தம் போட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். பின்னாடியே எல்லாரும் சிரித்தோம். சிரிச்சு முடிச்சதும் அவர் கேட்டது, “இதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா.” அவ்வளவுதான். அவருடைய பழைய கேள்விக்கு அவர் திரும்பி வரவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

தலித் கிறித்தவ அமைப்புகள் ஆகஸ்டு 10ஐக் கறுப்பு தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். இந்த முறை எங்கள் சின்ன ஊரிலும் ஒரு துண்டறிக்கை போட்டோம். வழக்கமாக நாங்கள் போடும் துண்டறிக்கைகள் ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்றுதான் ஆரம்பிக்கும். பஸ் ஸ்டாண்டில் வாங்குகிறவர்கள் நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள், இல்லை பஜ்ஜியில் எண்ணெய் ஒத்துவார்கள். இந்தத் தடவை மேலே பெரிய எழுத்தில் தங்கச்சியின் அந்த நாலு வரியைப் போட்டோம். கீழே 1950, 1956, 1990, 2022, 2024 என்று வருசக் கணக்கு. நின்று படித்தார்கள். படித்துவிட்டுச் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் திரும்பி வந்து, “இது நெசமா? இன்னும் இப்பிடியா இருக்கு?” என்று கேட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தன் பேரப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான் என்று சொல்லி இருபது தாள் வாங்கிப் போனார். கோபம் எங்கேயும் போய்விடவில்லை. சிரிப்பு அதை ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதனால் தலித் இலக்கியம் எல்லாம் இனிமேல் நகைச்சுவையாகத்தான் இருக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. வெண்மணியை யாரும் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. எழுதவும் கூடாது. ஆனால் நம்ம பிள்ளைகள் கையில் முதல் புத்தகமாக எதைக் கொடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. நீ எப்படிச் செத்தாய் என்று சொல்லும் புத்தகத்துக்கு முன்னால், நீ எப்படிப் பிழைத்துக் கிடந்தாய் என்று சொல்லும் புத்தகத்தைக் கொடுக்கலாம். பதினேழு பதினெட்டு வயசில் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, மற்றவன் சிரிப்பு அவ்வளவாக வலிக்காது. அவனுக்கு ஊர் நியாயங்களைப் பார்த்துப் பயமும் வராது.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாவலைத் தனியாகப் படித்து அலமாரியில் வைக்காதீர்கள். நாலு பேரைக் கூட்டிச் சத்தமாகப் படியுங்கள். ஒருத்தராவது எழுத்துத் தெரியாதவராக இருக்கட்டும். ஒரு பொம்பளப் பிள்ளையாவது கேள்வி கேட்கிறவளாக இருக்கட்டும். சிரிக்கிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், சிரிப்பு நிற்கிற இடத்தை இன்னும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வட்டத்தில் இப்போது ‘காலச்சுமை’ ஆரம்பித்திருக்கிறோம். அரியர்ஸ் தம்பி ஒரு நோட்டில் தன் சரித்திரத்தை எழுத ஆரம்பித்திருக்கிறான். முதல் அத்தியாயம் முழுக்க விடுதிச் சாம்பாரைப் பற்றியது. போன ஞாயித்துக்கிழமை அதை வாசித்துக் காட்டினான். துப்புரவு அக்கா கேட்டுவிட்டு, சாம்பாரில் பருப்பு இல்லாததுக்குக் காரணம் யார் என்பதையும் அடுத்த அத்தியாயத்தில் எழுதச் சொல்லியிருக்கிறாங்க.